குஞ்சு சேவலா, பெட்டையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பத்தை அடுத்த ஓர் ஊரில், வீட்டுக் கொல்லையில் சிறுவிடைக் கோழிகளையும் சில அசில் கலப்புக் கோழிகளையும் வளர்த்து வருகிறேன். குஞ்சு வாங்க வருபவர்கள், கடலூர் முதுநகரிலிருந்து வந்தாலும் பாகூரிலிருந்து வந்தாலும், விலையைக் கேட்பதற்கு முன்பே "இதில் எத்தனை பெட்டை?" என்று கேட்டுவிடுகிறார்கள். முட்டைக்காக வாங்குபவருக்கு அந்தக் கேள்வியில்தான் ஆறு மாதத் தீவனச் செலவு அடங்கியிருக்கிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்லும் பதில்களை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

குஞ்சு பொரித்த அன்றே வீட்டில் பார்த்துச் சொல்லிவிட முடியுமா?

நாட்டுக்கோழிக் குஞ்சு என்றால் முடியாது. ஆட்டுக்குட்டியிலும் கன்றிலும் பிறந்தவுடன் வெளியே தெரிகிற அடையாளம் கோழிக் குஞ்சில் கிடையாது. சேவலின் விரைகள் வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரகத்தின் அருகில் இருக்கின்றன; வளர்ந்த பிறகும் அவை அங்கேயே இருக்கும். நாம் சேவலுக்கு உரியவை என்று நினைக்கும் சிவந்த கொண்டை, தொங்கும் தாடி, வளைந்த வால், கூவல் ஆகிய அனைத்தும் ஹார்மோன்களின் வேலையால் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் பின்னர் வெளிப்படுபவை.

முதல் நாளிலேயே பிரிக்கும் முறைகள் மூன்று உண்டு. ஆசனவாயைப் பார்ப்பது ஒன்று, சிறகைப் பார்ப்பது இன்னொன்று, நிறத்தைப் பார்ப்பது மற்றொன்று. முதலாவதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். மற்ற இரண்டும் அதற்கென்றே திட்டமிட்டு இணை சேர்த்த கோழிகளில் மட்டுமே பலிக்கும். மூன்றையும் பற்றிக் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பாட்டி சொல்லியிருக்கிறார். உண்மையா?

என் பாட்டியும் அப்படித்தான் சொன்னார். அடை வைக்கும்போது உருண்டை முட்டைகளாகப் பொறுக்கியும் வைத்தார். ஆனால் இது பலிப்பதில்லை, காரணமும் தெளிவானது.

மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. கோழியில் அது தலைகீழ். சேவலிடம் இருப்பவை இரண்டும் இசட் குரோமோசோம்கள். பெட்டையிடம் ஒன்று இசட், ஒன்று டபிள்யூ. தாய் தன் முட்டையில் இசட் கொடுத்தால் சேவல், டபிள்யூ கொடுத்தால் பெட்டை. மஞ்சள் கரு சூலகத்தை விட்டு இறங்கும் கட்டத்திலேயே இது முடிவாகிவிடுகிறது. வெண்கருவும் சவ்வும் ஓடும் அதன் பிறகு, ஏறத்தாழ ஒரு நாள் நேரத்தில், கருக்குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்பவை. ஓட்டின் வடிவம் அந்தக் குழாயின் அமைப்பையும் கோழியின் வயதையும் பொறுத்தது. ஒரே கோழி தொடர்ந்து நீள முட்டையாகவே இடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் குஞ்சுகள் எல்லாம் சேவலாக வருவதில்லை. நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டையின் மேல் ஆட்டிப் பார்ப்பதும், குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறதா அடங்குகிறதா என்று பார்ப்பதும் இதே வகைதான்: பாதி முறை சரியாக வரும், ஏனென்றால் குஞ்சுகளில் பாதி சேவல், பாதி பெட்டை.

முட்டைக்குள்ளேயே கண்டுபிடிக்கும் கருவிகள் இப்போது ஐரோப்பாவில் இருக்கின்றன. முட்டையிடும் இனத்துச் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வதை ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் தடை செய்ததால் அங்கே அவற்றுக்குத் தேவை எழுந்தது. ஒரு முறையில், அடைகாப்பின் ஒன்பதாம் நாள் வாக்கில் ஓட்டில் நுண்ணிய துளையிட்டு ஒரு சொட்டு நீரை எடுத்து ஹார்மோனைச் சோதிக்கிறார்கள். இன்னொரு முறையில், பதின்மூன்றாம் நாள் வாக்கில் ஒளியைச் செலுத்தி, உள்ளே முளைக்கும் இறகின் நிறத்தைப் பார்க்கிறார்கள். இவை பெரிய பொரிப்பகங்களுக்கானவை. நம் வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கரு வளர்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

இன்குபேட்டரில் சூடு கூடினால் சேவல் அதிகமாக வருமா?

வராது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்ச் சூடு குறைந்து, பொரித்ததில் பாதிக்கு மேல் சேவலாக இருந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. சூடு ஏறி இறங்கினால் கரு சாகும், பொரிப்பு தள்ளிப்போகும், குஞ்சு நலிந்து வரும். உள்ளே இருக்கும் குரோமோசோம் மாறாது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. நம் கடலூர், புதுச்சேரிக் கடற்கரை மணலில் முட்டையிட்டுப் போகும் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு மணலின் சூடுதான் ஆண், பெண்ணை முடிவு செய்கிறது. சூடு மிகுந்தால் பெண் அதிகம். ஆமைக்குச் சரியான அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் கோழிக்கும் பொருத்திவிட்டார்கள் போலும்.

பண்ணைகளில் மட்டும் எப்படி ஒரு நாள் குஞ்சைப் பெட்டை என்று பிரித்துக் கொடுக்கிறார்கள்?

முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சு மட்டுமே தேவை என்பதால், அங்கே இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1920களில் ஜப்பானில் கியோஷி மசூயி என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயின் உள்விளிம்பில் இருக்கும் சிறு மேட்டைப் பார்த்துச் சேவலையும் பெட்டையையும் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். 1930களில் ஜப்பானியத் தொழிலாளர்கள் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று இந்த வேலையைச் செய்தார்கள்.

குஞ்சை இடக்கையில் பிடித்து, வயிற்றை மிக மெல்ல அழுத்திக் கழிவை வெளியேற்றிவிட்டு, ஆசனவாயை விரலால் விரித்து, வலுவான விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். சேவலில் அந்த மேடு குண்டூசித் தலையளவில், உருண்டையாக, பளபளப்பாக, தொட்டால் அமுங்காமல் இருக்கும். பெட்டையில் பெரும்பாலும் அது தட்டையாகவோ இல்லாமலோ இருக்கும். இந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. சில பெட்டைக் குஞ்சுகளுக்கும் சிறிய மேடு உண்டு. சில சேவல் குஞ்சுகளின் மேடு அமுங்கிக் கிடக்கும். இந்த இடைப்பட்ட வடிவங்களை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்தான் மணிக்கு 800 முதல் 1,000 குஞ்சு வரை, நூற்றுக்கு 95க்கு மேல் சரியாகப் பிரிக்கிறார். அதையும் பொரித்த முதல் நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பிறகு அந்தத் தசை இறுகி, வித்தியாசம் மங்கிவிடும்.

அதைப் பார்த்துப் பழகி வீட்டில் நானே செய்து பார்க்கலாமா?

செய்யாதீர்கள். கோழி வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்து பார்த்தேன். படத்தில் பார்த்தபடி ஒரு குஞ்சைப் பிடித்து அழுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். விட்டவுடன் அது ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது, தாயின் இறக்கைக்குள் போகவில்லை, மாலைக்குள் செத்துப்போயிற்று. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மீந்த மஞ்சள் கரு ஒரு பையில் இருக்கிறது; முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அதுதான் அதற்கு உணவு. அழுத்தத்தில் அந்தப் பை உடைந்தால் குஞ்சைக் காப்பாற்ற முடியாது. எட்டு வாரம் பொறுத்தால் தானாகத் தெரியப்போகும் ஒன்றுக்காக அந்த உயிரை நான் போக்கினேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒரு பதிலை மட்டும் நினைவில் வையுங்கள்.

சிறகை விரித்துப் பார்த்தால் தெரியும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே?

காணொளியில் காட்டும் குஞ்சில் தெரியும். உங்கள் குஞ்சில் தெரியாமல் போகலாம். முறையைச் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு நாள் குஞ்சின் சிறகை விசிறிபோல் மெல்ல விரித்தால், விளிம்பில் இரண்டு வரிசையாக இறகு முளைகள் தெரியும். கீழ்வரிசை பின்னாளில் பறப்பதற்கான பெரிய இறகுகளாக வளரும். மேல்வரிசை அவற்றின் அடிப்பகுதியை மூடும் இறகுகளாகும். கீழ்வரிசை நீண்டும் மேல்வரிசை குட்டையாகவும், அதாவது ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாறி மாறித் தெரிந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாகவோ மேல்வரிசை சற்று நீண்டோ இருந்தால் சேவல். பொரித்த முதல் மூன்று நாள்களுக்குள் பார்த்துவிட வேண்டும்.

இது எல்லாக் கோழிக்கும் இயற்கையாக அமைந்த வேறுபாடு அன்று. இறகு மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணு ஒன்று இசட் குரோமோசோமில் இருக்கிறது. விரைவாக இறகு முளைக்கும் தந்தையையும், மெதுவாக முளைக்கும் தாயையும் சேர்த்தால், மகன்கள் எல்லாரும் தாயிடமிருந்து மெதுவான மரபணுவைப் பெறுவார்கள். மகள்கள் தந்தையின் விரைவான மரபணுவை மட்டும் பெறுவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் பண்ணைக்காரர்கள் சிறகைப் பார்க்கிறார்கள். நம் கொல்லைச் சேவலுக்கும் பெட்டைக்கும் அப்படி யாரும் ஏற்பாடு செய்யவில்லை. இருவருமே விரைவாக முளைப்பவர்களாக இருந்தால் குஞ்சுகள் எல்லாம் 'பெட்டை' போலவே தெரியும். அப்படி நம்பி ஒரே அடையில் பன்னிரண்டும் பெட்டை என்று மகிழ்ந்து, பின்னர் ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

நிறத்தை வைத்துப் பிரிப்பது எப்படி?

இதுவும் இசட் குரோமோசோமில் உள்ள மரபணுக்களை வைத்துச் செய்வதுதான். ஆனால் விருப்பமுள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது, குஞ்சைத் துன்புறுத்தாதது. கோடு போட்ட இறகுடைய பார்டு பிளைமவுத் ராக் பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் சேவலை இணை சேர்த்தால், வரும் கருங்குஞ்சுகளில் உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளி இருப்பது சேவல், தலை முழுவதும் கறுப்பாக இருப்பது பெட்டை. கோட்டு மரபணுவைத் தாய் தன் மகன்களுக்கு மட்டுமே தர முடியும் என்பதால் இப்படி வருகிறது. சேவலையும் பெட்டையையும் மாற்றி வைத்தால், அதாவது கோடு போட்டது சேவலாக இருந்தால், எல்லாக் குஞ்சுக்கும் புள்ளி வந்து ஒன்றும் பயனில்லை. இதேபோல் செந்நிறச் சேவலையும் வெள்ளி நிற மரபணுவுள்ள பெட்டையையும் சேர்த்தால் மஞ்சள் வெண்மையாக வருவது சேவல், பழுப்பாக வருவது பெட்டை. இந்தக் குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் நிற்காது.

பள்ளி அறிவியல் பாடத்தில் 'புன்னட் கட்டம்' என்று படித்திருப்பீர்கள். அந்தப் புன்னட்தான் கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு, குஞ்சின் நிறத்திலேயே சேவலும் பெட்டையும் தெரிந்துவிடும் கோழி இனங்களை உருவாக்கும் பணியில் முன்னோடியாக நின்றவர்.

நாட்டுக்கோழியில் நிறம் ஓர் எல்லை வரை உதவும். முதுகில் அணிற்கோடு போல் வரியுள்ள பழுப்புக் குஞ்சுகளைப் பாருங்கள். கண்ணிலிருந்து பின்னோக்கிச் செல்லும் கரிய கோடு மை தீட்டியதுபோல் தெளிவாகவும், முதுகுக் கோடுகளின் ஓரம் கூர்மையாகவும் இருந்தால் பெட்டையாக இருக்க வாய்ப்பு மிகுதி. கோடு கலங்கி விட்டுவிட்டுத் தெரிந்தால் சேவலாக இருக்க வாய்ப்பு. இதை நான் குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். இதை நம்பி விற்க மாட்டேன். வெள்ளை, கறுப்பு, சாம்பல் குஞ்சுகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

அப்படியானால் நாட்டுக்கோழியில் எந்த வயதில், எதைப் பார்க்க வேண்டும்?

இதுதான் உண்மையில் பயன்படும் கேள்வி. ஒரே தாயின், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக ஒரு குஞ்சைக் கையில் கொடுத்து "இது என்ன?" என்று கேட்டால், பத்தாவது வாரத்துக்கு முன் நான் பதில் சொல்வதைத் தவிர்த்துவிடுவேன்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் முதல் குறி தெரியும். பெட்டைக் குஞ்சுகளுக்கு வாலும் தோள் இறகும் சீக்கிரம் வந்து, உடல் சீராக மூடிக்கொள்ளும். சேவல் குஞ்சுகள் அந்த வயதில் முதுகிலும் தோளிலும் இறகில்லாமல், வால் மொட்டையாக, கால் மட்டும் நீண்டு, பார்க்க அழகில்லாமல் திரியும். சேவலின் கால் தடித்திருக்கும். கைவிரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்தால் உடன்பிறந்த பெட்டையின் காலோடு வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் கொண்டை பேசத் தொடங்கும். சேவல் குஞ்சின் கொண்டை உயர்ந்து, அகன்று, வெளிர் நிறத்திலிருந்து சிவப்பாக மாறும். தாடையின் கீழ் தாடி துளிர்க்கும். பெட்டையின் கொண்டை அந்த வயதில் மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில், ஒட்டிய ஒரு கோடாகவே இருக்கும். காலை வெயிலில், குருணையைத் தூவிவிட்டு, குனிந்து பொறுக்கும்போது பாருங்கள். எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் நிற வேறுபாடு சட்டென்று புலப்படும். இதே வாரங்களில் பல நிறக் குஞ்சுகளில் இன்னொன்றும் நடக்கும். பெட்டையின் முதுகு ஒரே சீரான பழுப்பாகவோ நுண்புள்ளியாகவோ மூடும். சேவலின் தோளிலும் சிறகிலும் செம்மையோ கருமையோ திட்டுத்திட்டாக வரும். ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்தால் சேவல் என்று துணிந்து சொல்லலாம்.

பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில் ஐயம் தீர்ந்துவிடும். வாலின் அடியில், முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் தொங்கும் இறகுகளைப் பாருங்கள். அவை குறுகி, நுனி கூர்மையாக, பளபளப்பாக முளைத்தால் சேவல். அகன்று, நுனி விரல் நகம்போல் உருண்டிருந்தால் பெட்டை. ஓர் இறகைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் குழந்தையும் சொல்லிவிடும். கழுத்தின் பின்புறப் பிடரி இறகிலும் இதே வேறுபாடு வரும். ஆனால் பெட்டையின் பிடரி இறகும் சற்று நீண்டிருக்கும் என்பதால் நான் முதுகு இறகையே நம்புகிறேன்.

குணத்தை வைத்தும் சிலர் சொல்வார்கள். நெஞ்சோடு நெஞ்சு மோதிச் சண்டை போடுவது குஞ்சுப் பருவத்தில் பெட்டைக்கும் உண்டு, ஆகவே அதை ஒதுக்கிவிடுங்கள். கூவல் உறுதியான அடையாளம். ஆனால் சில குஞ்சுகள் எட்டாவது வாரத்திலேயே தொண்டை அடைத்ததுபோல் கூவிப் பார்க்கும். வேறு சில, பெரிய சேவல் ஒன்று இருக்கும் கொல்லையில், ஐந்து மாதம் வரை வாய் திறக்காது. கால் முள்ளும் தாமதமாக வளர்வது. வயதான பெட்டைக்கும் சில வேளை முள் உண்டு.

அசில், கருங்கோழி, கிராப்புக் கோழி ஆகியவற்றிலும் இதே முறைதானா?

கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழியில் எல்லாம் இதே முறைதான். பிடரி இறகு மட்டும் உதவாது.

அசிலில் கொண்டை ஏமாற்றும். அதன் கொண்டை பட்டாணிகளை வரிசையாக ஒட்டியதுபோல் தலையோடு தாழ்ந்து கிடப்பது. சேவலுக்கே சிறியது, தாடியும் பெயருக்குத்தான் இருக்கும். பெட்டைகளும் நிமிர்ந்து நின்று வம்புக்குப் போகும். போதாக்குறைக்கு இறகும் அடர்த்தி குறைவு, மெதுவாக வளரும். கால் தடிமனையும் மண்டையின் அகலத்தையும் பார்த்துக் குறித்து வைத்து, முதுகு இறகு வரும்வரை மூன்று, நான்கு மாதம் காத்திருங்கள்.

கடக்நாத் என்னும் கருங்கோழியில் கொண்டை சிவக்காமல் கருமையாகவே வளரும் என்பதால் நிறத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் பாருங்கள். எட்டு வாரத்தில் உடன்பிறந்தவற்றைவிட உயரமான கொண்டை சேவலுக்குத்தான்.

சந்தையில் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தையானாலும், வேப்பூரில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தையானாலும், முட்டைக்காக வாங்குபவர் மூன்று மாதத்துக்குக் குறைந்த குஞ்சைப் 'பெட்டை' என்ற விலைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. குஞ்சாகத்தான் வேண்டுமென்றால் கலந்த விலைக்கு வாங்கிப் பாதி சேவல் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு வியாபாரியிடம் எல்லாம் பெட்டை என்று உறுதி கேட்டுக்கொண்டு, கூடுதல் விலை கொடுத்து 20 குஞ்சு வாங்கினேன். வளர்ந்தபோது 11 சேவல் இருந்தன. அவர் பொய் சொன்னதாகக்கூட நான் நினைக்கவில்லை. சிறகைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

கால்கள் கட்டிக் கூடைக்குள் கிடக்கும் கோழியின் கொண்டை வெயிலிலும் பயத்திலும் நிறம் மாறித் தெரியும். ஆகவே வாங்கிக் கையில் பிடித்து, வாலின் அடியிலுள்ள இறகை விரித்துப் பாருங்கள். முட்டைக்கு வரும் விடைக்கோழி என்று சொல்லி விற்றால், ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவில் விரலை வையுங்கள். ஒரு விரல் நுழைவதே கடினமாக இருந்தால் இன்னும் முட்டைக்கு வரவில்லை. இரண்டு, மூன்று விரல் தாராளமாக அடங்கினால் முட்டையிடுகிறது.

திருவிழாவில் விற்கும் கலர் குஞ்சுகள் பெட்டையாக வளருமா?

பெரும்பாலும் வளராது. பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் தோய்த்து விற்கப்படும் அந்தக் குஞ்சுகளில் மிகப் பல, முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பெட்டையைப் பிரித்த பின் கழித்துவிடப்பட்ட வெள்ளை லெகார்ன் சேவல் குஞ்சுகள். அவற்றின் மென்மயிர் வெளிர் மஞ்சளாக இருப்பதால் சாயம் பளிச்சென்று ஏறுகிறது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வந்த பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் இவற்றை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வெதுவெதுப்பு இல்லாமல் இரண்டாம் நாளே துவண்டுவிடுபவைதான் அதிகம். வாங்கியாயிற்று என்றால், பெட்டிக்கு மேல் 60 வாட் குண்டு விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, குஞ்சுகள் நெருக்கியடிக்காமலும் விலகி ஓடாமலும் பரவிப் படுக்கும் உயரத்தில் வையுங்கள். நொய்யும் தண்ணீரும் கொடுங்கள். பிழைத்தால் சில வாரங்களில் சாயம் போய் வெள்ளை இறகு முளைக்கும், பெரிய சிவந்த கொண்டையும் வரும்.

10 குஞ்சில் 7 சேவலாக வந்துவிட்டது. தாய்க்கோழியில் குறையா?

குறை ஒன்றும் இல்லை. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஒவ்வொரு முறையும் ஐந்து பூ, ஐந்து தலை விழுவதில்லை. கணக்குப் போட்டால், பத்துக் குஞ்சில் ஏழோ அதற்கு மேலோ சேவலாக அமைவது ஏறத்தாழ ஆறு அடைக்கு ஓர் அடையில் நேரும். அதே அளவு வாய்ப்பு ஏழு பெட்டை அமைவதற்கும் உண்டு. அப்போது யாரும் வந்து காரணம் கேட்பதில்லை. அந்தக் கோழியை இதற்காக விற்றுவிடாதீர்கள்.

முட்டையிட்டுக் கொண்டிருந்த பெட்டை இப்போது சேவல்போல் கூவுகிறது. கெட்ட சகுனம் என்கிறார்கள்.

சகுனம் அன்று, உடல்நிலை. பெட்டைக்குச் சூலகம் இடப்பக்கம் ஒன்றுதான் வேலை செய்கிறது. நோயாலோ கட்டியாலோ அது கெட்டுப்போனால், பெண்மைக்குரிய ஹார்மோன் குறைகிறது. வலப்பக்கத்தில் வளராமல் கிடந்த உறுப்பு விரையின் தன்மையோடு வளரத் தொடங்கலாம். அகன்ற உருண்டை இறகைத் தருவதே பெண் ஹார்மோன்தான். அது இல்லாமற்போனால் அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவலின் கூர் இறகு வருகிறது, கொண்டை பெரிதாகிறது, கூவலும் வருகிறது. அபூர்வமாக நடப்பதுதான். சேவல் இல்லாத கொல்லையில், எந்த நோயும் இல்லாத மூத்த பெட்டை ஒன்று தலைமை ஏற்றுக் கூவுவதும் உண்டு. அதை அன்றே அறுத்துவிட வேண்டும் என்ற வழக்கத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. முட்டை நின்று, வயிறு வீங்கியிருந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

வாத்து, காடை, கின்னிக்கோழி?

வாத்தில் குரல் போதும். இரண்டு மாதம் ஆனபின் உரக்கக் கத்துவது பெண். தொண்டை கட்டியதுபோல் மெல்லக் கரகரப்பது ஆண். பின்னர் ஆணின் வால்மேல் ஓர் இறகு சுருண்டு நிற்கும். ஜப்பானியக் காடையில் மூன்று வாரத்திலேயே மார்பைப் பார்த்தால் தெரியும்: புள்ளியில்லாத செம்பழுப்பு ஆண், கரும்புள்ளி தெளித்தது பெண். கின்னிக்கோழியில் இரண்டு அசையாகக் கூப்பிடுவது பெண் மட்டுமே.

எத்தனை சேவலை வைத்துக்கொள்வது?

அடை வைக்கக் கருவுள்ள முட்டை வேண்டுமானால் 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சாப்பிட மட்டும் முட்டை என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். மிஞ்சும் சேவல்களை நான்கு மாதம் ஆனபின் கறிக்கு விற்கலாம். ஐயனாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் நிறம் சொல்லித் தேடி வருவதும் உண்டு. அதற்கு முன்பே கூவத் தொடங்கிய சேவல்களைத் தனிப் பஞ்சாரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விடைக்கோழிகளின் முதுகு இறகைப் பிய்த்துவிடும்.

எந்தக் குஞ்சு எது என்று எப்படி நினைவில் வைப்பது?

பொரித்த மூன்றாம் நாள் ஒவ்வொரு குஞ்சின் கால்நகத்திலும் வெவ்வேறு நிற நகப்பூச்சு வைத்துவிடுகிறேன். மூன்றாவது வாரத்தில் காலில் நிறநூலைத் தளர்வாகக் கட்டி, நிறம், கோடு, கொண்டை, கால் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டில் வாரம் ஒருமுறை எழுதுகிறேன். இரண்டு மூன்று அடைக்கு இப்படி எழுதினால், உங்கள் கொல்லைக் கோழிக்கு எந்தக் குறி எத்தனை முறை சரியாக வருகிறது என்பது உங்கள் நோட்டிலேயே தெரிந்துவிடும். நூலை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். கால் வேகமாகத் தடிக்கும், அதிலும் சேவலின் கால் இன்னும் வேகமாகத் தடிக்கும். நூல் சதைக்குள் இறங்கினால் பாதம் வீங்கிவிடும்.